தினமும் இன்ஹேலர் எடுக்குற குழந்தையோட வாழ்க்கை எப்படி இருக்கும்?

"பையனுக்கு 8 வயசு, ஆஸ்துமான்னு சொல்லி காலைலயும் ராத்திரியும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் குடுத்திருக்காங்க, இளைப்பு வரும்போது மட்டும் குடுத்தா போதாதா, வளர்ச்சி நின்னுடுமா, மத்த பசங்க மாதிரி ஓடி விளையாட விடலாமா, காலம் பூரா இப்படியேதானா"ன்னு கேட்டிருக்கீங்க. குழந்தைங்களுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும் இன்ஹேலர் எடுக்குற முறைய சொல்லிக் குடுக்குறதுதான் என்னோட தினசரி வேலை, அதனால தெரிஞ்சத முழுசா எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

இந்தக் கேள்விக்கு பதில் சொல்ற முன்னாடி உங்க பையன்கிட்ட ஒரு விஷயம் கேட்டுப் பாருங்க. இளைப்பு வந்துச்சான்னு கேக்காதீங்க. போன வாரம் எத்தன நாள் விளையாட்டுல பாதில நிறுத்துன, ராத்திரி இருமி முழிச்சியா, மூச்சு வாங்கும்னு பயந்து எதையாவது செய்யாம விட்டியா, இத கேளுங்க. அதுவும் நீங்க பதில் எடுத்துக் குடுக்காம, அவனா சொல்ற வரைக்கும் காத்திருந்து கேளுங்க. பெரும்பாலான வீட்டுல பசங்க ஆஸ்துமாவுக்கு ஏத்த மாதிரி வாழ்க்கைய அவங்களே சுருக்கிக்கிறாங்க, யாரும் கவனிக்கிறதில்ல. ஓடுற விளையாட்ட விட்டுட்டு கோல்கீப்பரா நிப்பான், மாடி ஏறும்போது ஷூ லேஸ் கட்டுற மாதிரி நடுவுல உக்காந்துப்பான், நல்லா சிரிச்சா இருமல் வரும்னு சிரிப்பையே அடக்குவான். நாம என்ன நினைக்கிறோம், "அவன் அமைதியான பையன், ஓட்டம்லாம் அவனுக்குப் பிடிக்காது"ன்னு. அட்டாக் வரல, ஆஸ்பத்திரிக்குப் போகல, அதனால கன்ட்ரோல்ல இருக்குன்னு முடிவு பண்ணிடுறோம்.

கனடால எலிசபெத் ஜூனிப்பர்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் 1996ல குழந்தைங்க ஆஸ்துமாவுக்குன்னு ஒரு வாழ்க்கைத்தர கேள்வித்தாள் வெளியிட்டாங்க, 7லருந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு, மொத்தம் 23 கேள்வி. அதுல 10 கேள்வி உடம்புல தெரியுற அறிகுறி பத்தி, 5 கேள்வி செய்ய முடியாமப் போன வேலைங்க பத்தி, மீதி 8 கேள்வி மனசு பத்தி: பயம், கோவம், மத்தவங்கள மாதிரி நம்மால முடியலயேங்கிற வருத்தம். மூணுல ஒரு பங்குக்கு மேல மனசு பத்தினது, ஏன்னா குழந்தைங்க அதத்தான் பெரிய தொல்லையா சொல்றாங்க. ஊதிப் பாக்குற டெஸ்ட்ல நம்பர் நல்லா வர்ற பையன் வீட்டுல பயந்து பயந்து இருக்கலாம், நம்பர் கொஞ்சம் கம்மியா இருக்குற பொண்ணு ஜாலியா ஓடிட்டிருக்கலாம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பல நேரம் ஒத்தே போறதில்ல. அதனாலதான் குழந்தைய நேரா கேக்கணும்னு சொல்றேன்.

இப்ப முதல் கேள்வி, வரும்போது மட்டும் குடுத்தா போதாதா. ஆஸ்துமால மூச்சுக்குழாயோட உள்சுவர் வீங்கியே இருக்கும், இருமல் இளைப்பு எதுவும் இல்லாத நாள்லயும் அந்த வீக்கம் லேசா இருந்துட்டே இருக்கும். அது மேல ஒரு ஜலதோஷமோ புகையோ தூசியோ பட்டா, குழாயச் சுத்தி இருக்குற தசை இறுக்கிப் பிடிக்கும், உள்ள சளி சேரும், காத்து போற வழி குறுகிடும், அதத்தான் நாம வீசிங்னு பாக்குறோம். சல்பியூட்டமால் இன்ஹேலர் (இதத்தான் ரிலீவர்னு சொல்வாங்க) என்ன பண்ணுதுன்னா அந்த தசைய தளர்த்துது, சில நிமிஷத்துல வேலை செய்யும், நாலு மணி நேரம் போல தாங்கும், அவ்வளவுதான், வீக்கத்த அது தொடுறதே இல்ல. வீக்கத்தக் குறைக்கிறது ப்யூடசோனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் மாதிரி உள்ளிழுக்குற ஸ்டீராய்டு, இதுக்குப் பேர் ப்ரிவென்டர். இது எடுத்த உடனே ஒண்ணும் தெரியாது, நாள் கணக்குல, வாரக் கணக்குலதான் வித்தியாசம் தெரியும், அதனாலதான் பலபேரு "இது வேலையே செய்யல, அந்த ரிலீவர்தான் சூப்பர்"னு சொல்லி ப்ரிவென்டர நிறுத்திட்டு ரிலீவர் மட்டும் அடிச்சிட்டே இருக்காங்க.

அது எவ்வளவு ஆபத்துன்னு சொல்லியே ஆகணும். பிரிட்டன்ல ஆஸ்துமா மரணங்கள ஒண்ணொண்ணா எடுத்து ஆராய்ஞ்சு 2014ல ஒரு அறிக்கை வந்துச்சு, 195 பேர், அதுல 28 பேர் 20 வயசுக்குக் கீழ. ரிலீவர் எத்தன வாங்கினாங்கன்னு விவரம் கிடைச்சவங்கள்ல 39 சதவீதம் பேர் சாகுறதுக்கு முந்தின ஒரு வருஷத்துல 12க்கு மேல ரிலீவர் இன்ஹேலர் வாங்கியிருந்தாங்க, அதாவது மாசத்துக்கு ஒண்ணுக்கும் மேல. உங்கள பயமுறுத்த இத சொல்லல. ரிலீவர் சீக்கிரம் சீக்கிரம் காலியாகுதுன்னா அந்த வீட்டுல ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லன்னு அர்த்தம், அத அறிகுறியா எடுத்துக்கணும்னுதான் சொல்றேன். இன்னொரு பக்கம், 2000ல வந்த கனடா ஆய்வு ஒண்ணு, குறைஞ்ச டோஸ்லயே உள்ளிழுக்குற ஸ்டீராய்ட ஒழுங்கா எடுக்குறவங்க ஆஸ்துமாவால சாகுற வாய்ப்பு நல்லா குறையுதுன்னு காட்டுச்சு.

உலக அளவுல ஆஸ்துமா வழிகாட்டி வெளியிடுற ஜைனா அமைப்பு 2019லருந்தே 12 வயசுக்கு மேல இருக்குறவங்களுக்கு ரிலீவர மட்டும் தனியா குடுக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. 6லருந்து 11 வயசுக்கு, லேசான ஆஸ்துமான்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு தினமும் குறைஞ்ச டோஸ் ஸ்டீராய்டு, இன்னொண்ணு ரிலீவர் எடுக்குற ஒவ்வொரு தடவையும் கூடவே ஸ்டீராய்டும் எடுக்குறது. ஸோ நீங்க கேட்ட "வரும்போது மட்டும்"ங்கிறதுக்கு ஒரு இடம் இருக்கு, ஆனா அதுலயும் ஸ்டீராய்டு உண்டு, அத டாக்டர் பாத்து முடிவு பண்ணணும், நாமளே தினசரி டோஸ நிறுத்திட்டு அப்படி மாறிக்கக் கூடாது.

ஸ்டீராய்டுன்னாலே பயம், அது எனக்கு நல்லாப் புரியுது. உடம்ப ஏத்துறதுக்கு சிலபேர் போடுற ஊசி வேற வகை, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அளவப் பாருங்க, இன்ஹேலர்ல மைக்ரோகிராம் கணக்கு, 100, 200ன்னு இருக்கும், அது நேரா மூச்சுக்குழாய்க்குப் போகுது. அட்டாக் வந்து வாய் வழியா ப்ரெட்னிசோலோன் குடுக்கும்போது ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம்னா அது 20,000 மைக்ரோகிராம், ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போகுது. ரெண்டும் வேற வேற மருந்துங்கிறதால நம்பர நேரா ஒப்பிட முடியாது, ஆனாலும் உடம்பு முழுக்கப் போற சுமை எதுல அதிகம்னு இதுலயே தெரியும். இன்ஹேலர் பயத்துல விட்டுட்டு வருஷத்துக்கு நாலு தடவ சிரப்பும் மாத்திரையும் குடுக்குற வீட்டுலதான் குழந்தைக்கு ஸ்டீராய்டு அதிகமா போகுது, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் உண்டு.

வளர்ச்சி பத்தி மழுப்பாம சொல்லிடுறேன். அமெரிக்காலயும் கனடாலயும் 5லருந்து 12 வயசு வரை உள்ள 1041 குழந்தைங்கள வச்சு பெரிய ஆய்வு ஒண்ணு நடந்துச்சு, நாலு வருஷத்துக்கு மேல மருந்து குடுத்து, அப்புறம் அவங்க பெரியவங்களாகுற வரைக்கும் பின்தொடர்ந்து அளந்தாங்க. ப்யூடசோனைடு எடுத்தவங்க வெறும் டம்மி மருந்து எடுத்தவங்கள விட சராசரியா 1.2 சென்டிமீட்டர் குள்ளம், 2012ல வந்த முடிவு இது. அந்தக் குறைவு ஆரம்ப ரெண்டு வருஷத்துக்குள்ள வர்றது, அதுக்கப்புறம் வருஷா வருஷம் கூடிட்டே போகல. அப்ப பாதிப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன், இருக்கு, ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதுக்கு பதிலா கிடைக்கிறது என்னன்னா தூக்கம், ஸ்கூல், விளையாட்டு, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத வருஷங்க. என் சொந்தக் குழந்தைன்னா நான் யோசிக்கவே மாட்டேன். எந்த அளவுல கட்டுக்குள்ள நிக்குதோ அந்தக் குறைஞ்ச டோஸ்ல வச்சுக்கறது, உயரத்த அப்பப்ப அளந்து குறிச்சுக்கறது, இது ரெண்டும் டாக்டரே செய்வாங்க, நீங்களும் கேட்டு வாங்கிக்கலாம். எடுத்தப்புறம் வாய் கொப்பளிச்சுத் துப்பணும், மாஸ்க் வச்சு குடுத்தா முகத்தையும் கழுவணும், இல்லன்னா வாய்ல வெள்ளையா பூஞ்சை வரும், குரல் கரகரக்கும்.

ஊதுறதுக்கு பதிலா மாத்திரை போதும்னு மான்டிலூகாஸ்ட் கேக்குறவங்க நிறைய. சில குழந்தைங்களுக்கு அது உதவுது, ஆனா பொதுவா உள்ளிழுக்குற ஸ்டீராய்டு அளவுக்கு வேலை செய்யாது, அதோட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்ல அதுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டாங்க, கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரைக்கும் சிலருக்கு வரலாம்னு. ஏற்கனவே குடுத்துட்டிருந்தா பதற வேண்டாம், குழந்தையோட நடத்தைல திடீர் மாற்றம் தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. சல்பியூட்டமால் சிரப்பும் அப்படித்தான், மெதுவா வேலை செய்யும், கை நடுக்கம், படபடப்பு அதிகம், ஊதுற மருந்து இருக்கும்போது அது தேவையே இல்ல.

சரி, மருந்து சரியா எழுதியாச்சு, வீட்டுலயும் குடுக்குறாங்க, ஆனாலும் குழந்தை இருமிட்டே இருக்கு. இப்படி வர்றவங்கள்ல நான் முதல்ல பாக்குறது டோஸ இல்ல, கைய. எப்படி எடுக்குறன்னு காட்டுன்னு சொன்னா பாதிப்பேர் நேரா வாய்ல வச்சு அழுத்துவாங்க, மருந்து நாக்குலயும் தொண்டைலயும் பட்டு அங்கயே நின்னுடும், நுரையீரலுக்குப் போகவே போகாது. அழுத்தி எடுக்குற இன்ஹேலர்னா குழந்தைக்கு ஸ்பேசர் கண்டிப்பா வேணும், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டுற பிளாஸ்டிக் குழாய். இன்ஹேலர நல்லா குலுக்கணும், ஸ்பேசர்ல மாட்டணும், உதட்ட இடைவெளி இல்லாம மூடணும், ஒரு பஃப் அழுத்தணும், அப்புறம் சாதாரணமா அஞ்சாறு மூச்சு இழுத்து விடணும், இல்ல பெரிய குழந்தைன்னா மெதுவா ஆழமா ஒரே மூச்சா இழுத்து 10 செகண்ட் அடக்கணும். ரெண்டு பஃப்னா மறுபடி குலுக்கி மறுபடி முதல்லருந்து, ரெண்டையும் சேத்து ஒரே தடவைல அழுத்தினா பாதி மருந்து ஸ்பேசர் சுவர்லயே ஒட்டிக்கும். நாலு வயசுக்குக் கீழ மாஸ்க், அது முகத்துல சுத்தி வர ஒட்டியிருக்கணும், குழந்தை அழும்போது மருந்து சரியா உள்ள போகாது, தூங்கும்போதும் அப்படித்தான். உங்க பையனுக்கு 8 வயசு, மாஸ்க் வேண்டாம், வாய்ல வைக்கிற மவுத்பீஸ் போதும். ஸ்பேசர சோப்புத் தண்ணில கழுவி அப்படியே நிமித்தி வச்சு தானா காய விடணும், துணியால துடைச்சா உள்ள நிலைமின் சேர்ந்து மருந்த இழுத்து ஒட்ட வச்சுக்கும், பலபேருக்கு இது தெரியாது. இன்னொண்ணு, இன்ஹேலர் காலியான அப்புறமும் அழுத்தினா காத்து வரும், சத்தம் வரும், மருந்து இருக்காது. தண்ணில மிதக்குதான்னு பாக்குறதெல்லாம் நம்பக் கூடாது, எண்ணிக்கை காட்டுற வகையா இல்லன்னா கணக்கு வச்சுக்கங்க, 200 பஃப் உள்ளத நாளைக்கு 4 பஃப் எடுத்தா 50 நாள்ல முடிஞ்சிடும்.

மருந்த புகை மாதிரி ஆக்கிக் குடுக்குற மெஷின், அதான் நெபுலைசர், அதுக்குத்தான் சக்தி அதிகம்னு ஒரு நம்பிக்கை எல்லா இடத்துலயும் இருக்கு. பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாக்குற கோக்ரேன் தொகுப்பாய்வு இத எடுத்துப் பாத்துச்சு, உயிருக்கு ஆபத்தான கடுமையான நிலை தவிர, அட்டாக் நேரத்துல ஸ்பேசர் வழியா குடுக்குற ரிலீவர் நெபுலைசர விட மட்டமில்ல, குழந்தைங்க அவசரப் பிரிவுல இருக்குற நேரமும் ஸ்பேசர்ல கம்மியாச்சு. கைப்பைல போட்டுட்டுப் போற சின்ன பொருள் ஸ்பேசர், கரண்ட் வேண்டாம், எங்கயும் குடுக்கலாம்.

அடுத்தது மறதி. நியூசிலாந்துல 6லருந்து 15 வயசு வரை 220 குழந்தைங்களோட இன்ஹேலர்ல எண்ணிக்கை பதியுற கருவி மாட்டி பாத்தாங்க, 2015ல முடிவு வந்துச்சு. மணி அடிச்சு ஞாபகப்படுத்துற கருவி வச்சிருந்தவங்க 84 சதவீத டோஸ் எடுத்தாங்க, அது இல்லாதவங்க வெறும் 30 சதவீதம். இவங்கெல்லாம் ஆஸ்துமா முத்திப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைங்க, அப்படியும் 30. அதனால "தினமும் குடுக்குறேன்"னு மனசார நம்பிட்டிருக்குற வீட்டுலயும் விட்டுப்போகுது, யாரையும் குத்தம் சொல்ல இல்ல, பல் தேய்க்கிற பிரஷ் பக்கத்துல இன்ஹேலர வைங்க, போன்ல அலாரம் வைங்க, அவனே எடுத்துப்பான்னு 8 வயசுப் பையன்கிட்ட முழுசா விட்டுடாதீங்க, பக்கத்துல நில்லுங்க.

விளையாட்டு விஷயத்துல என் பதில் ஒரே வார்த்தை, விடுங்க. பவுலா ராட்கிளிஃப்னு பிரிட்டன் ஓட்டக்காரி, 14 வயசுல ஆஸ்துமான்னு கண்டுபிடிச்சாங்க, அவங்க 2003 லண்டன் மாரத்தான்ல 2 மணி 15 நிமிஷம் 25 செகண்ட்ல ஓடி உலக சாதனை பண்ணாங்க, இன்ஹேலரோடதான். ஓடும்போது வாய் வழியா வேகமா மூச்சு விடுறதால குழாய் காய்ஞ்சு குளிர்ந்து சுருங்குது, அதனாலதான் குளிர்ந்த வறண்ட காத்துல அதிகம் வரும். மெதுவா உடம்ப சூடு பண்ணிட்டு ஆரம்பிக்கணும், டாக்டர் சொல்லியிருந்தா 10, 15 நிமிஷம் முன்னாடி ரிலீவர் எடுத்துக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் அது இல்லாம ஓடவே முடியலன்னா விளையாட்ட நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட போயி அடிப்படை சிகிச்சைய சரி பண்ணுங்க. ஓடாத குழந்தைக்கு உடம்பு தளர்ந்து எடை ஏறும், எடை ஏறினா மூச்சு இன்னும் கஷ்டம், கூட விளையாடுற நண்பர்களும் போயிடுவாங்க.

ராத்திரி இருமல இவ்வளவு வீடுங்க சாதாரணமா எடுத்துக்கிறது எனக்கு ஒவ்வொரு தடவையும் வருத்தமா இருக்கும். ரெண்டு மணிக்கு இருமி எழுந்து நாலு மணிக்குத் தூங்குன குழந்தை காலைல வகுப்புல என்ன கவனிக்கும், "படிப்புல மந்தம்"னு பேர் வாங்கிடும். கூடவே முழிச்சிருந்த அம்மாவோ அப்பாவோ அடுத்த நாள் வேலைக்குப் போகணும். பெத்தவங்களோட வாழ்க்கைத்தரத்த அளக்கவே 13 கேள்வில தனியா ஒரு தாள் இருக்கு, அவ்வளவு தூரம் இது குடும்பத்தோட நோய். ஒரே ராத்திரி இருமி முழிச்சாலும் அத குறிச்சு வச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கன்ட்ரோல்ல இருக்கான்னு பாக்க சுலபமான வழி, கடந்த நாலு வாரத்த எடுத்துக்கங்க: பகல்ல அறிகுறி வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வந்துச்சா, ராத்திரி முழிச்சானா, ரிலீவர் வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தேவைப்பட்டுச்சா, எதையாவது செய்ய முடியாமப் போச்சா. ஒண்ணுக்கு ஆமான்னாலே முழுக் கட்டுப்பாடு இல்ல. 4லருந்து 11 வயசுக்கு ஏழு கேள்வி டெஸ்ட் ஒண்ணும் இருக்கு, நாலு கேள்விக்கு குழந்தையே முகப் படம் பாத்து பதில் சொல்லும், மூணுக்கு நீங்க, மொத்தம் 27 மார்க், அதுல 19 இல்ல அதுக்குக் கீழ வந்தா சிகிச்சைய மறுபடி பாக்கணும்.

வீட்டுல யாராவது சிகரெட் பிடிச்சா, பால்கனிக்குப் போய் பிடிச்சாலும் சட்டைல முடில ஒட்டிட்டு வரும், அத நிறுத்துறத விட பெரிய உதவி வேற எதுவும் இல்ல. ஸ்காட்லாந்துல 2006ல பொது இடங்கள்ல புகைக்கத் தடை வந்தப்புறம் குழந்தைங்க ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரில சேர்றது குறைஞ்சிடுச்சு. வீட்டுக்குள்ள எரியுற எந்தப் புகையும், வாசனை ஸ்ப்ரேயும், சுவர் ஈரப் பூஞ்சையும் ஆகாது. ஜலதோஷம்தான் பெரிய எதிரி, லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த ஒண்ணு ரெண்டு வாரத்துல அட்டாக் கூடுறது பல நாட்டுல பாத்த விஷயம், அதனால லீவுல ப்ரிவென்டர விட்டுடாதீங்க. ஃப்ளூ தடுப்பூசி வருஷா வருஷம் போடுங்க.

அட்டாக் வந்தா என்ன செய்யணும்னு டாக்டர்கிட்ட ஒரு தாள்ல எழுதி வாங்கி, அதோட ஒரு காப்பிய ஸ்கூல்லயும் குடுங்க, ஒரு ரிலீவரும் ஸ்பேசரும் அங்க இருக்கணும், பூட்டுன அறைக்குள்ள இல்லாம கைக்கு எட்டுற இடத்துல. ரிலீவர் குடுத்தும் குறையல, இல்ல குறைஞ்சு கொஞ்ச நேரத்துலயே திரும்ப வருது, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, விலா நடுவுலயும் கழுத்துக் குழிலயும் தோல் உள்ள இழுக்குது, உதடு நீலம் பாரிக்குது, குழந்தை சோர்ந்து மயக்கமா இருக்கு, இதுல எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவு, போற வழியெல்லாம் ரிலீவர் குடுத்துட்டே போங்க. இளைப்புச் சத்தம் திடீர்னு நின்னும் குழந்தை திணறுதுன்னா அது சரியானதா அர்த்தம் இல்ல, காத்தே போகலன்னு அர்த்தம்.

காலம் பூரா இப்படியேவான்னு கேட்டீங்க. அமெரிக்காவுல டூசான்ல 1980லருந்து பொறந்த குழந்தைங்கள பின்தொடர்ந்த ஆய்வுல, மூணு வயசுக்குள்ள வீசிங் வந்தவங்கள்ல சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆறு வயசுல அது இல்ல. உங்க பையன் அந்த வயசத் தாண்டிட்டான், அதனால அவனுக்கு தானா போயிடும்னு காத்திருக்க முடியாது, ஆனாலும் நிறைய பசங்களுக்கு டீனேஜ்ல ரொம்ப லேசாகிடுது, சிலருக்கு பெரியவங்களானப்புறம் திரும்பவும் வரும். ஸ்டீராய்டு இன்ஹேலர் நோய வேரோட எடுக்காது, சின்னக் குழந்தைங்களுக்கு ரெண்டு வருஷம் குடுத்து நிறுத்திப் பாத்த ஆய்வுலயே அது தெளிவாத் தெரிஞ்சுது, எடுக்குற வரைக்கும் நல்லா வச்சிருக்கும். மூணு மாசம் நல்லா கட்டுக்குள்ள இருந்தா டோஸக் குறைச்சுப் பாக்கலாம், பரீட்சை, பயணம், ஜலதோஷ சீசன் இல்லாத நேரமா பாத்து டாக்டர் குறைப்பாங்க. அடுத்த தடவ போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோட எடுத்துட்டுப் போய், பையன டாக்டர் முன்னாடி எடுத்துக் காட்டச் சொல்லுங்க, அவன் விட்டுக்குடுத்த விளையாட்டு என்னன்னும் அவனையே சொல்ல வைங்க.